நா என்று தொடங்கினால்

தீபாவளி போனஸுக்குப் பதிலாக
முதலாளி தன் பழைய ஐபோனைத் தந்தார்.
"நாப்பதாயிரம் ரூவா சாமான், பவளம்.
காசைவிட இதுதான் கனம்" என்றார்.
உண்மை. கனமாகத்தான் இருந்தது.
பேட்டரி எழுபத்தொன்பது சதவீதம்.

கம்பமெட்டு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்
ஷிபுவின் கடை.
என் போனையும் இதையும் ஒட்டிப் படுக்கவைத்து
ஒயர் மாட்டினான்,
ரத்தம் ஏற்றுகிறவன் மாதிரி.
முதல் காரியமாக அது
முதலாளியின் பாஸ்வேர்டைக் கேட்டது.
மூன்று தரம் கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை.
நாலாவது தரம் எடுத்துச் சொன்னார்:
குலசாமி பேரும் ஜீப் நம்பரும்.

என்னென்ன வரும் என்று கேட்டேன்.
"பேரு வரும் சேச்சி, நம்பர் வரும், போட்டோ வரும்.
மெசேஜ் வரும், கொஞ்சம் டைம் எடுக்கும்.
கால் ரெக்கார்டிங் வரில்ல."
வேற?
"கீபோர்டு படிச்சது வரில்ல."
அது என்ன பெரிய நட்டம் என்று
பக்கத்துக் கடையில் பழம்பொரி தின்னப் போனேன்.

திரும்பி வந்தபோது பேர்கள் வந்திருந்தன.
ஏலக்கா மாத்துக்குட்டி. ஏலக்கா முருகாயி.
எடுக்காதே ஒன்று. எடுக்காதே இரண்டு.
எடுக்காதே இரண்டு புது நம்பர்.
எல்லாம் பத்திரமாகத் தாண்டிவிட்டன,
எந்தச் செக்போஸ்ட்டிலும் யாரும்
மூட்டையைக் குத்திப் பார்க்கவில்லை.

மறுநாள் ஏழு பத்து பஸ்.
கொண்டை ஊசி வளைவு ஒன்றில்
கேரளா வரவேற்கிறது என்றது போன்.
அடுத்த வளைவில் தமிழ்நாடு வரவேற்றது.
இதில் மட்டும் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசமில்லை.
மேலே போய்ச் சேர்வதற்குள் ஆறு வரவேற்பு.
சாயங்காலம் ஒருத்தரும் வழியனுப்பியதில்லை.

கடையில் என் முதல் வேலை
காசு கேட்டவர்களுக்குப் பதில் போடுவது.
பழைய போனில் அது வேலையே இல்லை.
நா என்று வைத்தால்
நாளைக்கு என்று அதுவே நீட்டும்.
தொட்டால், வந்துடும்.
தொட்டால், கண்டிப்பா.
ஐந்து வருடமாக மூன்று தொடல்.
டீ ஆறுவதற்குள் பதினாலு பேரை முடித்துவிடுவேன்.

புதுசில் நா என்று வைத்தேன்.
நான் என்றது, நாடு என்றது, நாய் என்றது.
ஒன்றாம் வகுப்பு அட்டைக்கு மேலே
அதற்கு ஒன்றும் தெரியவில்லை.
பழகிய விரல் பழகிய இடத்தில் தொட்டுவிட்டது.
மாத்துக்குட்டிக்குப் போனது:
நாடு வந்துடும் கண்டிப்பா.

கம்பத்துக்கு லாரி ஓட்டித் தமிழ் படித்த மனுஷன்.
உடனே கேட்டார்: எந்த நாடு?
கொஞ்சம் கழித்து இன்னொன்று:
எதுவானாலும் சரி,
நூத்திப்பத்துக் கிலோவுக்குக் காசோட வரட்டும்.

சிரித்துவிட்டேன்.
முதலாளி நிமிர்ந்து பார்த்தார். என்ன தமாஷு?
ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்தது முருகாயி.
நா. ளை. க். கு.
கையால் அடித்தால் இத்தனை நீளமா அந்தச் சொல்!
ளகரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது
அவள் தராசுப் பக்கம்
இமைக்காமல் நின்றது ஞாபகம் வந்தது.
முப்பத்தெட்டுக் கிலோ இருநூறு கிராம்.
இருநூறு கிராமை நான்தான் கழித்தேன், ஈரத்துக்கு.
'வெள்ளிக்கிழமை நேர்ல வந்து உக்காருங்க,
அப்பத்தான் எடுப்பாரு' என்று எழுதினேன்.
படித்துப் பார்த்தேன்.
முதலாளி இருமினார்.
அழித்துவிட்டு நாளைக்கு என்றே போட்டேன்.
டீ ஆடை கட்டியிருந்தது.

எட்டாவது ஆளுக்கு நா என்று வைத்தபோது
நானுக்கும் நாடுக்கும் நடுவில்
நாளைக்கு வந்து உட்கார்ந்திருந்தது,
பஸ்ஸில் மூன்றாவது ஆளாக ஒண்டிக்கொள்கிறவர் மாதிரி.
சனிக்கிழமை அதற்கு ஜன்னலோரம் கிடைத்துவிட்டது.
நாய் எங்கே போனதோ தெரியவில்லை.

பதினாலு பேரையும் முடித்துவிட்டுப் பார்த்தேன்.
டம்ளரைத் தொட முடியவில்லை,
அவ்வளவு சூடு.